குன்றின்மேல் நிற்பவர் கடன்

மும்பையில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு எழுதப்படாத வழக்கம் ஒன்று உண்டு. ஊரிலிருந்து உறவினர் வந்தால், வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே அவர்களை மலபார் குன்றுக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்பதே அது. புளிச்சோறும் தயிர்ச்சோறும் கட்டிக்கொண்டு, மின்சார ரயிலில் நெருக்கியடித்து நின்று, சர்னி ரோடு நிலையத்தில் இறங்கிப் பேருந்தேறிக் குன்றின் உச்சியை அடைகிறோம். அங்கே சாலையின் ஒருபுறம் நாம் அனைவரும் ‘ஹேங்கிங் கார்டன்’ என்றே அழைத்துப் பழகிய பெரோஸ்ஷா மேத்தா பூங்கா. மறுபுறம் கமலா நேரு பூங்கா. ஒன்றில் விலங்குகளின் உருவாக வெட்டிவிடப்பட்ட செடிகளைக் கண்டு களிக்கிறோம். மற்றொன்றில், ஆங்கிலக் குழந்தைப் பாட்டில் வரும் கிழவியின் வீட்டை நினைவூட்டும் மாபெரும் காலணிக்குள் நம் குழந்தைகள் ஏறி இறங்கி விளையாடுகிறார்கள்.

பொழுது சாயும் நேரத்தில் எல்லோரும் கைப்பிடி ஓரமாக வந்து நிற்கிறோம். கீழே சௌபாட்டிக் கடற்கரை. அதிலிருந்து நரிமன் முனை வரை வில்லைப்போல் வளைந்து செல்லும் மெரீன் டிரைவ் சாலை. விளக்குகள் ஒவ்வொன்றாக ஏற்றப்பட, கடலின் கழுத்தில் யாரோ மணிமாலை பூட்டுவதுபோல் ஒரு தோற்றம். இதைத்தான் ‘இராணியின் கழுத்துமாலை’ என்று உலகம் அழைக்கிறது. வந்தவர்கள் வாய்திறந்து வியக்கிறார்கள். அழைத்து வந்த நாமோ, இந்த நகரத்தை நாமே கட்டி முடித்தவர்கள்போலப் பெருமிதம் கொள்கிறோம்!

அந்தப் பெருமிதம் நேர்மையானதுதானா? உயரத்தில் நின்று காணும் அழகு உண்மையா, மயக்கமா? அழகைக் கண்டவனுக்கு ஏதேனும் கடமை உண்டா, கண்டு களித்துவிட்டுக் கைகளைத் தட்டிக்கொண்டு போய்விடலாமா? இக்கேள்விகளை எங்களுக்குக் கற்பித்தது நூல் அன்று. ஒரு முதிய தாயின் வாய்ச்சொல்லே ஆகும்.

தாயின் இரு கேள்விகள்

1990களில் ஒருமுறை, இராமநாதபுரம் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து எங்கள் தாயார் மும்பைக்கு வந்திருந்தார். அப்போது தாராவிக்கு அருகில், பத்துக்குப் பன்னிரண்டு அடி கொண்ட ஓர் அறையில் நாங்கள் எட்டுப்பேர் குடியிருந்தோம். வழக்கப்படி ஞாயிற்றுக்கிழமை குன்றுக்கு அழைத்துச் சென்றோம். விளக்குகள் ஏறிய நேரத்தில் அவர் நெடுநேரம் பேசாமல் நின்றார். பிறகு கேட்டார்:

“எல்லாம் அழகாத்தான்யா இருக்கு. இதுல நம்ம வீடு எங்க இருக்கு?”

எங்களுக்குச் சுட்டிக்காட்ட இடமில்லை. கமலா நேரு பூங்காவின் முகம் தெற்கையும் கிழக்கையும் நோக்கியது. தாராவியோ வடக்கே, குன்றின் முதுகுக்குப் பின்னால், பல கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. மாட்டுங்காவும் சயானும் ஆண்டாப் ஹில்லும் செம்பூரும், தமிழர் செறிந்து வாழும் மற்றப் பகுதிகளும் அப்படியே. ஊராருக்குப் பெருமையாகக் காட்டும் காட்சிக்குள் நாங்கள் இல்லை என்பது அந்தக் கணத்தில்தான் எங்கள் உள்ளத்தில் உறைத்தது. “இங்கிருந்து தெரியாதும்மா” என்றோம்.

அவர் அதோடு விடவில்லை. “சுத்திலும் உப்புத் தண்ணியா இருக்கே. இம்புட்டுச் சனத்துக்கும் குடிக்கத் தண்ணி எங்கேருந்துய்யா வருது?” என்று கேட்டார். ஊரணித் தண்ணீருக்காக இடுப்பில் ஒரு குடமும் தலையில் ஒரு குடமுமாக வாழ்நாள் முழுவதும் நடந்தவர் கேட்கும் கேள்வி அது. மும்பையில் அத்தனை ஆண்டுகள் வாழ்ந்தும் எங்களுக்கு அதற்கும் விடை தெரியவில்லை.

வீடு எங்கே, தண்ணீர் எங்கிருந்து என்னும் இந்த இரண்டு கேள்விகளும் எளிய கேள்விகளே. ஆயினும் உயரத்திலிருந்து காணும் எந்தக் காட்சியையும் உரைத்துப் பார்க்கும் உரைகல் இவற்றைவிட வேறு இல்லை என்று இன்று நாங்கள் கருதுகிறோம்.

உயரம் தரும் நன்மை

முதலில் உயரத்துக்கு உரிய நன்றியைச் சொல்லிவிட வேண்டும். வரிசைக் குடியிருப்பில் வாழ்பவனின் கண், எதிர்ச் சுவரில் முட்டித் திரும்புகிற கண். ஆறடிக்கு அப்பால் பார்க்க அதற்கு வாய்ப்பில்லை. அந்தக் கண்ணுக்குத் தொடுவானத்தைக் கொடுப்பது சிறிய அறமன்று. கை கால்களுக்கு ஓய்வு வேண்டும் என்பதை ஒப்புக்கொள்ளும் உலகம், கண்ணுக்கும் ஓய்வு வேண்டும் என்பதை எளிதில் மறந்துவிடுகிறது.

அன்றியும், மலபார் குன்று இந்திய நாட்டிலேயே மிகுந்த விலைக்கு வீடுகள் விற்கப்படும் இடங்களுள் ஒன்று. கோடிக்கணக்கில் கொடுத்து வாங்கிய பலகணியிலிருந்து செல்வர் காணும் அதே கதிரவன் மறைவை, சாலையோரத்துப் பூங்காவில் நின்று ஒரு கூலித் தொழிலாளியும் காண்கிறார். பூங்காவுக்குப் பெயர் தந்த பெரோஸ்ஷா மேத்தா, 1845இல் பிறந்து 1915இல் மறைந்தவர். நகரத்தை நகர மக்களே ஆள வேண்டும் என்று வாதாடி, மும்பை மாநகராட்சியை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர். பொதுப் பூங்கா என்பதும் அத்தகைய நகராட்சி உணர்வின் ஒரு வடிவமே. உயரம் ஒருசிலரின் உடைமையாகிவிடாமல் அது காக்கிறது.

உயரம் அறிவையும் தருகிறது. மெரீன் டிரைவ் சாலையில் நடப்பவனுக்கு அதன் வளைவு தெரியாது. ஏறத்தாழ 3.6 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சாலை, 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கடலைத் தூர்த்துப் பெற்ற நிலத்தின் விளிம்பு. அதை ஒட்டிய பழைய கட்டடங்கள், நகரத்தின் விக்டோரியா காலக் கட்டடங்களோடு சேர்த்து 2018இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களாக ஏற்கப்பட்டன. பார்வையற்ற சிலர் யானையைத் தடவிப் பார்த்து, ஒருவர் உரல் என்றும் ஒருவர் முறம் என்றும் சொன்ன பழங்கதையை நாம் அறிவோம். கீழே நடப்பவர்கள் அனைவரும் ஒரு வகையில் அவர்களைப் போன்றவர்களே. யானையை முழுமையாகக் காண வேண்டுமானால் சற்று விலகித்தான் நிற்க வேண்டும்.

ஆனால் விலகி நிற்பவன் யானையைத் தொட்டதில்லை என்பதையும் மறக்கலாகாது. அதன் தோலின் சொரசொரப்பும், மூச்சின் வெம்மையும் அவன் அறியாதவை.

யானைப் போரும் நாமும்

திருவள்ளுவர் ‘பொருள் செயல்வகை’ என்னும் அதிகாரத்தில், தன் கைப்பொருளைக் கொண்டு ஒரு செயலைத் தொடங்குகிறவனைக் குன்றின்மேல் நின்று யானைகள் பொருவதைக் காண்பவனுக்கு ஒப்பிடுகிறார். கடன்பட்டுத் தொழில் தொடங்கியவனுக்கு உள்ள நடுக்கம் அவனுக்கு இல்லை. எது நேர்ந்தாலும் மிதிபட மாட்டான் என்பதே அவர் கருத்து. முதலின் சிறப்பைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான உவமை கிடைப்பது அரிது.

எனினும் நல்ல உவமை, தான் சொல்ல வந்த பொருளையும் கடந்து நம்மைச் சிந்திக்க வைக்கும். குன்றின்மேல் நிற்பவனுக்கு யானைப் போர் ஒரு காட்சி. அதே போர் நடக்கும் வெளியில், யானைகளின் காலடியில் அகப்பட்டவனுக்கு அது உயிர்ப்போராட்டம். புழுதி ஒன்றுதான், பிளிறல் ஒன்றுதான், நிற்கும் இடம் மட்டுமே வேறு. ஒருவனுடைய துன்பம் மற்றொருவனுக்குக் காட்சியாக மாறிவிடும் எல்லைக்கோடு உயரத்தில்தான் வரையப்பட்டிருக்கிறது.

மாலை ஆறரை மணிக்குக் குன்றின்மேல் நின்று பார்த்தால், சாலையில் ஊரும் வண்டிகளின் செவ்விளக்குகள் மாணிக்கச் சரம்போல் தோன்றுகின்றன. அந்தச் சரத்தின் ஒரு மணிக்குள், பிரசவ வேதனையில் துடிக்கும் ஒரு பெண் மருத்துவமனைக்குச் செல்ல வழியின்றிக் காத்திருக்கலாம். மற்றொன்றில், பகல் முழுவதும் ஓட்டிய வாடகைக் காரின் நாள்வாடகைக்கே வருமானம் போதாமல் ஓட்டுநர் ஒருவர் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கலாம். குன்றின் உச்சிக்கு ஓசை வருவதில்லை, மணம் வருவதில்லை, முகம் வருவதில்லை. ஒளி மட்டுமே வருகிறது.

இதனால் காட்சி பொய்யாகிவிடுமா? ஆகாது என்பதே எங்கள் கருத்து. வளைவு உண்மை; ஒளி உண்மை; அந்தக் கணத்தில் நம் நெஞ்சு விம்முவதும் உண்மை. தொலைவு பொய் சொல்வதில்லை. அது பலவற்றைச் சொல்லாமல் விடுகிறது, அவ்வளவே. சொல்லாமல் விட்டவை எவை என்று நாம் கேட்காமல் இருக்கும்போதுதான், தொலைவின் மௌனத்தை நாமே பொய்யாக மாற்றிவிடுகிறோம்.

விளக்கு யாருக்காக?

2015இல் மெரீன் டிரைவில் நிகழ்ந்த ஒன்று இங்கே நினைக்கத் தக்கது. மின்சாரத்தை மிச்சப்படுத்தும் நோக்கத்துடன், அந்தச் சாலையின் பழைய மஞ்சள் நிறச் சோடியம் விளக்குகள் அகற்றப்பட்டு வெண்ணிற எல்.இ.டி. விளக்குகள் பொருத்தப்பட்டன. உடனே நகரெங்கும் எதிர்ப்பு எழுந்தது. பொன்மாலை வெள்ளிமாலையாகிவிட்டது, இராணியின் கழுத்து வெறிச்சோடிப் போயிற்று என்று பலர் வருந்தினர். பின்னர் மஞ்சள் சாயல் கொண்ட விளக்குகள் மீண்டும் வந்தன.

இதைக் கேட்டுச் சிரிப்பவர் உண்டு. தெருவிளக்கு தெருவில் நடப்பவனுக்காகவா, குன்றின்மேல் நின்று பார்ப்பவனுக்காகவா என்று அவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் எதிர்த்தவர்களையும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. அந்த மஞ்சள் ஒளியோடு எத்தனையோ பேருடைய இளமையும் காதலும் முதல் சம்பளமும் பின்னிக் கிடந்தன. நகரத்தின் அழகு என்பது அங்கே வாழ்வோரின் நினைவுச் சேமிப்பும் ஆகும். அழகுக்காகக் குரல் கொடுத்தது குற்றமன்று. ஒரு விளக்கின் நிறம் மாறியதற்கு எழுந்த அந்தக் குரல், விளக்கே இல்லாத சந்துகளுக்காகவும் அதே வலிமையுடன் எழுந்ததா என்று எண்ணிப் பார்க்கும்போதுதான் நம் நெஞ்சு சற்றுக் கூசுகிறது. கண்ணுக்குத் தெரியும் குறைக்காகத் துடிப்பவர்கள் நாம். காட்சியின் சட்டத்துக்கு வெளியே இருக்கும் குறை நம் உறக்கத்தைக் கெடுப்பதில்லை.

பூக்களுக்குக் கீழே

தாயாரின் இரண்டாவது கேள்விக்கு வருவோம். அதற்கு விடை தேடியபோது எங்களுக்குக் கிடைத்தது வியப்பு. விடை எங்கள் காலடியிலேயே இருந்தது. ஹேங்கிங் கார்டன் உண்மையில் ஒரு தோட்டம் மட்டுமன்று, ஒரு மூடி. 1880களில் கட்டப்பட்ட மாபெரும் நீர்த்தேக்கத் தொட்டியின் மேல்தளத்தில் மண் பரப்பி வளர்த்த பூங்கா அது. ஏறத்தாழ 15 கோடி லிட்டர் தண்ணீர் அந்தப் பூச்செடிகளின் வேருக்குக் கீழே நிற்கிறது. தென் மும்பையின் பல பகுதிகள் அதை நம்பியே வாழ்கின்றன. கடலை நோக்கி நின்று “எவ்வளவு தண்ணீர்!” என்று வியக்கும் நாம், குடிக்கும் தண்ணீரின்மேல் நிற்கிறோம் என்பதை அறியாமலே நிற்கிறோம்.

அந்தத் தொட்டிக்கும் தண்ணீர் வானத்திலிருந்து நேரே வருவதில்லை. 1860இல் விஹார் ஏரி, 1879இல் துளசி ஏரி, 1892இல் தான்சா, 1957இல் மோடக் சாகர் என்று நகரம் வளர வளர அதன் தாகம் தொலைதூரங்களை நோக்கி நீண்டுகொண்டே சென்றது. இன்று ஏழு நீர்நிலைகளிலிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 385 கோடி லிட்டர் மும்பைக்கு வருகிறது. அதில் ஏறத்தாழ பாதியைப் பாட்சா அணை ஒன்றே தருகிறது. அந்த அணையும் தான்சா ஏரியும் இருப்பது தானே மாவட்டத்து ஷாஹாபூர் வட்டத்தில். அதே வட்டத்தின் பழங்குடிச் சிற்றூர்கள் பலவற்றுக்குக் கோடைதோறும் லாரிகளில் தண்ணீர் கொண்டுசெல்ல வேண்டியிருக்கிறது. அங்குள்ள பெண்கள் வற்றிய கிணற்றை நோக்கிக் குடத்துடன் நடக்கிறார்கள். இராமநாதபுரத்துக் கரம்பையில் எங்கள் தாயார் நடந்த நடையும் அதுதான். இரண்டு மண்ணுக்கும் இடையே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தொலைவு இருக்கலாம். குடத்தின் கனம் ஒன்றே.

குன்றின் உச்சியில் நின்று எத்திசையில் நோக்கினாலும் அந்தப் பெண்கள் தெரிய மாட்டார்கள். பூங்காவின் பசுமைக்கும் நகரத்தின் ஒளிக்கும் விலை கொடுப்பவர்கள், பெரும்பாலும் தொடுவானத்துக்கு அப்பால்தான் இருக்கிறார்கள்.

அன்று பூங்காவிலிருந்து இறங்கியபின் தாயாரை வாலுகேஸ்வரத்துப் பாண்கங்கைக் குளத்துக்கு அழைத்துச் சென்றோம். சீதையைத் தேடி இலங்கை செல்லும் வழியில் இராமபிரான் அங்கே தங்கி மணலால் இலிங்கம் அமைத்து வழிபட்டதாகவும், தாகம் தீர அம்பெய்து நீர் வருவித்ததாகவும் தலபுராணம் கூறும். 1715இல் இன்றைய வடிவில் கட்டப்பட்ட அக்குளம், உப்புக் கடலுக்கு அருகிலேயே நன்னீர் ஊறும் குளம். இராமேசுவரத்து மணல் இலிங்கத்தை வணங்கி வளர்ந்த எங்கள் தாயாருக்கு அது அயலூராகவே தோன்றவில்லை. படிக்கட்டில் அமர்ந்து, “இங்க தண்ணி கண்ணுக்குத் தெரியுதுய்யா, மனசு ஆறுது” என்றார். மேலே பூவால் மூடிய தண்ணீர். கீழே படிகட்டித் திறந்து வைத்த தண்ணீர். ஊரணியில் கால் கழுவாதே என்று பிள்ளைகளை வளர்த்த மரபுக்கு, எது எங்கிருந்து வருகிறது என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால்தான் அதைப் பேணத் தோன்றும்.

ஒரு நிழற்படத்தின் கதை

வீடு எங்கே என்ற முதல் கேள்விக்கு நாங்கள் சொல்ல வேண்டிய விடை, எங்கள் குற்றத்தைச் சொல்வதாகவே அமையும். தாயார் வருவதற்குச் சில ஆண்டுகள் முன்னர், கமலா நேரு பூங்காவில் நிழற்படம் எடுத்து ஊருக்கு அனுப்பினோம். எங்கள் முதுகுக்குப் பின்னால் கடலும் வானளாவும் கட்டடங்களும். படத்தின் பின்புறம் “இங்கு அனைவரும் நலம்” என்று எழுதினோம். பொய்யான சொல் ஒன்றும் அதில் இல்லை. நலமாகத்தான் இருந்தோம்.

அந்தப் படம் ஊரில் வீடு வீடாகச் சென்றது. தம்பி முறையுள்ள இளைஞர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, இருந்த ஆடுகளை விற்று ரயிலேறி வந்துவிட்டார். அறைக்குள் நுழைந்தவர் சுற்றுமுற்றும் பார்த்தார். “அண்ணே, கடல் எந்தப் பக்கம்?” என்று கேட்டார். வேறொன்றும் கேட்கவில்லை. அன்றிரவு பரணில் அவருக்குப் பாய் விரித்தோம். எங்களை அவர் ஒருநாளும் குறை கூறியதில்லை. அவர் திட்டியிருந்தால் எங்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆனால் எங்களை உண்மையில் உலுக்கியது பிறகு நடந்தது. ஆறு மாதம் கழித்து, புதுச்சட்டை அணிந்து, அதே பூங்காவில், அதே இடத்தில் நின்று அவரும் படம் எடுத்துக்கொண்டார். ஊருக்கு அனுப்பினார். நாங்கள் தடுக்கவில்லை, தடுக்க எங்களுக்கு என்ன தகுதி? ஊரில் காத்திருக்கும் தாய் தந்தையர் கலங்கக் கூடாது என்னும் அன்பினால்தான் அவர் அதைச் செய்தார். நாங்கள் செய்ததும் அந்த அன்பினால்தான். அன்பின் கையிலிருந்து கைக்கு மாறிச் செல்லும் பொய்யை அடையாளம் காண்பது அரிது. அது பொய்யின் முகத்தோடு வருவதில்லை.

புலம்பெயர்ந்து வாழும் நம் எல்லோருக்கும் இது உரிய செய்தி. நம்மில் எவர் வீட்டுப் பெட்டியில் இத்தகைய படம் ஒன்று இல்லை? உயரத்தில் நின்று எடுத்த படத்தை மட்டும் அனுப்பிவிட்டு, உண்மையைச் சொல்லிவிட்டதாக நாம் அமைதி கொள்ளலாமா? நாம் காட்டிய திசையை நம்பி ஒருவன் தன் ஆட்டை விற்கிறான். ஒருத்தி தன் மகளை மணமுடித்து அனுப்புகிறாள். காட்சி அங்கே காட்சியாக நிற்பதில்லை. ஒரு வாழ்க்கையின் திருப்பமாகிவிடுகிறது.

களிப்பது குற்றமா?

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். “பூவைக் கண்டால் மகிழ வேண்டும், வேரின் துயரத்தை நினைத்து அழுதுகொண்டிருந்தால் மனிதன் வாழ முடியுமா? வாரம் ஆறு நாள் உழைத்தவன் ஏழாம் நாள் ஒரு மணி நேரம் கடலைப் பார்ப்பதற்கும் கணக்குக் கேட்பீர்களா?” என்று அன்பர்கள் வினவலாம்.

கேட்க மாட்டோம். களிப்பைக் கெடுக்கும் அறம், அறமாக நெடுநாள் நிலைக்காது. துயரத்தை எண்ணி அழகிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்பவனால் துயருற்றோருக்கு யாதொரு பயனும் விளைவதில்லை. எங்கள் தாயாரும் அழகை மறுக்கவில்லை. அழகாகத்தான் இருக்கிறது என்று ஒப்புக்கொண்ட பிறகே வீட்டைக் கேட்டார். அந்த வரிசை முக்கியமானது என்று எங்களுக்குப் படுகிறது. முதலில் கண்ணின் நன்றி. பிறகு நெஞ்சின் கேள்வி.

அழகும் தேவையும் மோதும்போது என்ன செய்வது என்பதற்கும் இதே குன்று ஒரு பாடம் வைத்திருக்கிறது. 2023இல், பழமையான நீர்த்தேக்கத்தை இடித்துப் புதிதாகக் கட்ட மாநகராட்சி முனைந்தது. அப்படிச் செய்தால் பூங்காவும் நூற்றுக்கணக்கான மரங்களும் பாதிக்கப்படும் என்று குடியிருப்போர் எதிர்த்தனர். மரம் முக்கியமா, தண்ணீர் முக்கியமா என்று மேலே நின்று வாதிட்டுக்கொண்டே இருந்திருக்கலாம். ஆனால் வல்லுநர்கள் தொட்டிக்குள் இறங்கிச் சுவர்களையும் தூண்களையும் ஆராய்ந்தனர். இடிக்காமலே பழுதுபார்த்துக் காக்கலாம் என்ற கருத்து அதன்பின் வலுப்பெற்றது. மேலே நின்றவரை முரணாகத் தோன்றியது, கீழே இறங்கிப் பார்த்தபோது முரணாக இல்லை. இறங்கிப் பார்க்க மனம் இருந்தால், நாம் தீர்க்க முடியாதவை என்று எண்ணியிருக்கும் பூசல்கள் பலவற்றின் கதியும் இதுவாகலாம்.

இன்று அக்குன்றில் புதிய வசதிகள் வந்துவிட்டன. 2024 மார்ச்சில் திறக்கப்பட்ட கடற்கரை விரைவுச் சாலையின் இரட்டைச் சுரங்கங்கள், ஒவ்வொன்றும் 2 கிலோமீட்டருக்கு மேற்பட்ட நீளத்தில், குன்றைக் குடைந்து செல்கின்றன. 2025 மார்ச்சில், மரங்களுக்கிடையே 485 மீட்டர் நீளமுள்ள உயர்நடைபாதை ஒன்று திறக்கப்பட்டிருக்கிறது. அதில் ஓரிடத்தில் தரை கண்ணாடியால் ஆனது. குழந்தைகள் அதன்மேல் நின்று கீழே நோக்கி மகிழ்கிறார்கள். காலடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கும் பழக்கம் நல்ல பழக்கமே. கண்ணாடி வழியே மரக்கிளைகள் வரை தெரியும். அதற்கும் கீழே உள்ளவற்றைச் சொல்லித் தருவது, உடன் நிற்கும் பெற்றோராகிய நம் பொறுப்பு.

கடன்

ஆகவே, குன்றின்மேல் நிற்பவருக்குக் கடன் ஒன்று உண்டு என்றே நாங்கள் துணிகிறோம். காட்சியை முழுமையாகக் கண்டு மகிழலாம். அதில் தெரியாதவை எவை என்று ஒருமுறையேனும் கேட்க வேண்டும். ஊராருக்குச் சொல்லும்போது, தெரிந்ததையும் தெரியாததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லும்போது, “அதோ பார், கழுத்துமாலை” என்று காட்டிவிட்டு, “இதோ, நம் காலுக்குக் கீழே தண்ணீர், அதற்கு அப்பால், அதை நமக்குத் தந்துவிட்டுத் தாகத்தோடு இருப்பவர்கள், பின்னால், நம் வீடு” என்றும் காட்ட வேண்டும். உடலைத் திருப்பி நின்றால்தான் வடக்கு தெரியும். திரும்பி நிற்பதற்குப் பணம் வேண்டாம், மனம் போதும்.

எங்கள் தாயார் அதைச் செய்து காட்டினார். மறுநாள் விடியற்காலையில் வழக்கம்போல் ஒன்றரை மணி நேரம் குழாயில் தண்ணீர் வந்தது. “இதும் அந்த மலைமேல உள்ள தொட்டித் தண்ணியாய்யா?” என்று கேட்டார். அது வேறு தொட்டி, ஆனால் ஏரிகள் ஏறத்தாழ அவைதாம் என்று பின்னாளில் விசாரித்து அறிந்து சொன்னோம். ஷாஹாபூர்ப் பெண்களைப் பற்றியும் சொன்னோம். அன்று முதல், ஊருக்குப் புறப்படும் வரை, அரிசி களைந்த நீரைத் துளசிச் செடிக்கு ஊற்றினாரேயன்றி, நல்ல தண்ணீரை ஊற்றவில்லை. அறிவுரை எதுவும் எங்களுக்கு அவர் சொல்லவில்லை.

அவர் ஊர் திரும்பிய சில நாட்களில் தங்கையிடமிருந்து கடிதம் வந்தது. அண்டை வீட்டார் எல்லோரும் கூடி, பம்பாய் எப்படி இருக்கிறது என்று கேட்டார்களாம். குன்றின்மேலிருந்து கண்ட விளக்குகளை அம்மா நெடுநேரம் வருணித்தாராம். பிறகு, எட்டுப்பேர் முறைவைத்து உறங்கும் அறையையும், விடியுமுன் குழாயடியில் நிற்கும் வரிசையையும் அதே குரலில், அதே அளவு நேரம் சொன்னாராம். “இதுல எதுதான் பம்பாய்?” என்று யாரோ கேட்க, “ரெண்டுந்தான்” என்றாராம்.

நாங்கள் அனுப்பிய படத்தின் பின்புறம் எழுதியிருக்க வேண்டிய சொல் அது.